டீசல் கார் நமக்குக் கட்டுப்படி ஆகுமா?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



முன்பெல்லாம் நம் குழுக்களில் கறவை மாடு, தையல் மிஷின், பிள்ளைகள் படிப்பு என்றுதான் கடன் கேட்போம். இப்போது, "பழைய டீசல் கார் ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கலாமாக்கா?" என்றும் கேட்கிறோம். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக, குடும்பத்தோடு நல்லது கெட்டதுக்குப் போக, வாசலில் ஒரு வண்டி நின்றால் தைரியம்தான். ஆனால் சேமிப்பு நோட்டில் கணக்கு எழுதப் பழகிய நாம், இதற்கும் கணக்குப் போட வேண்டாமா?

1998-ல் டாடா இண்டிகா வந்தது. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. அப்போது டீசல் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்ததால் பெட்ரோலைவிட ரொம்ப மலிவு. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. விலை வித்தியாசமும் குறைந்துபோனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. அதனால் நம்மைத் தேடி வருவது பெரும்பாலும் கைமாறிய வண்டிதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 20 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். டீசல் 92 ரூபாய், 23 கிலோமீட்டர் என்றால் 4 ரூபாய். மிச்சம் 1 ரூபாய். டீசல் வண்டிக்கு 50,000 ரூபாய் கூடக் கொடுத்தால், அதை எடுக்க 50,000 கிலோமீட்டர் ஓட்டணும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 2 வருஷம். மாதம் 300 தான் ஓடும் என்றால் 14 வருஷம் ஆகிவிடும்! இன்ஜெக்டர், டர்போ பழுதானால் வரும் செலவு தனி.

அடுத்தது வட்டி. 2 லட்சம் கடன், 3 வருஷம், 10 சதவீதம் என்று வைப்போம். "பிளாட் வட்டி" என்றால் வட்டி 60,000 ரூபாய். நம் குழுவில் போடுகிற மாதிரி குறையும் அசலுக்கு வட்டி என்றால் சுமார் 32,000 தான். கையெழுத்துப் போடும் முன்னே, "எந்த வட்டி?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• ஆர்.சி.யில் பழைய கடன் நிலுவை பதிவாகியிருந்தால், அது நீங்கிய பிறகே முழுப் பணம்.

• ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டிலும் உடனே பெயர் மாற்ற வேண்டும்.

• 15 வருஷம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

• காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கரும்புகை விடாமல் வந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

• வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. கடன் நம் பெயரில், தவணை நம் தலையில், வண்டி மட்டும் வேறொருவர் பெயரில் என்றால் அது என்ன நியாயம்? கடன் வாங்குகிறவள் பெயரே ஆர்.சி.யிலும் இருக்கட்டும். வீட்டில் பேசுங்கள், குழுவிலும் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். கணக்கு ஒத்து வந்தால் தாராளமாக வாங்குவோம். ஒத்து வராவிட்டால், தேவைப்படும் நாளில் வாடகைக் கார் பிடிப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.