சிவகாசியின் கணக்கில் விடுபட்ட உழைப்பு



உழைத்தவன் உயர்ந்தான், உயராதவன் உழைக்கவில்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி, ஏழையின் முகத்தில் அறையும் பொய். சான்றுக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். சிவகாசி போதும்.

மழை பொய்த்த கரிசல் சீமை அது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்கார இளைஞர்கள் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தார்கள், கட்டுப்படியாகவில்லை. அதோடு கைகழுவிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கைவேலைக்கு மாறினார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு, பெட்டிக்கு லேபிள் அடிக்க அச்சகம் என்று ஊரே தொழிற்கூடமானது. அந்த விடாமுயற்சியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் அந்த இருவருக்குப் பின்னால் நின்றது என்ன? 1899-இல் சாதிக் கலவரத் தீயில் வெந்த ஊர் சிவகாசி. கோயில் வாசல் மறுக்கப்பட்ட நாடார் சமூகம், வியாபார வருமானத்தில் ஒரு பங்கை மகமை என்று பொதுவில் சேர்த்துவந்தது. வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி, விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நடத்தியது. காமராஜர் படித்த பள்ளி அதுதான். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பள்ளிக்கூடமும் வங்கியும் கட்டிய ஒரு கூட்டத்தின் நடுவிலிருந்து கிளம்பிய முயற்சி இது.

அரசாங்கமும் கைகொடுத்தது. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் மீது வெள்ளை அரசு கனத்த இறக்குமதி வரி போட்டது. தன் கஜானாவை நிரப்பத்தான் போட்டது என்றாலும், அந்த வரியின் நிழலில்தான் உள்ளூர்த் தொழில் வேர்விட்டது. சுவீடன் நாட்டு நிறுவனமோ இங்கேயே விம்கோ ஆலையைத் திறந்து போட்டிக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில், ஆலைத் தீப்பெட்டியைவிடக் கைத்தீப்பெட்டிக்குக் குறைந்த கலால் வரி என்று வைத்திராவிட்டால் சிவகாசி அந்தப் போட்டியில் தாக்குப்பிடித்திருக்குமா?

இனி, யாரும் மாலை போடாத உழைப்புக்கு வருவோம்.

தீப்பெட்டித் தொழிற்கூடத்தை ஊர்க்காரர்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அங்கே கட்டை அடுக்குவது ஒரு வேலை. கட்டை எனும் சட்டகத்தின் ஒவ்வொரு வரிசையிலும் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்க வேண்டும். ஒட்டினால் மருந்து முக்கும்போது கெட்டுவிடும். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. இதைப் பல்லாண்டு காலம் செய்தவர்கள் பெண்களும் சிறுபிள்ளைகளும். விடியுமுன் ஊர் ஊராக வண்டி வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிப்போனது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆபத்து அதோடு ஓயவில்லை: 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு வெடி ஆலை விபத்து பல உயிர்களைக் குடித்தது.

அந்தப் பெண்கள் உழைக்கவில்லையா? பத்து வயதில் உட்கார்ந்து நாற்பது வயதில் முதுகு வளைந்து எழுந்தவளைவிட விடாமுயற்சி யாரிடம் இருந்தது? அவள் ஏன் முதலாளி ஆகவில்லை? அவளுக்கு மகமை இல்லை, வங்கி இல்லை, அவள் கூலியைக் காக்க ஒரு வரியும் இல்லை.

2023-இல் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்றச் சொல்லி உற்பத்தியாளர்கள் கேட்டுப் பெற்றது அது. நியாயமான கோரிக்கை, கிடைத்ததும் நல்லது. ஆனால் தொழிலுக்குப் பாதுகாப்புக் கேட்பது உரிமை, கட்டைக் கூலியை உயர்த்தக் கேட்பது சோம்பேறித்தனம் என்றால், அந்த நியாயத்தை இந்த அவை ஏற்கக் கூடாது.

சாதனைத் தொழிலதிபர் விருது கொடுப்பவர்களே, அடுத்த விழா மேடையில் ஒரு வங்கி மேலாளரையும் உட்கார வையுங்கள். வீட்டுப் பத்திரம் இல்லாத ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண் தொழிலாளி சொந்தமாக இயந்திரம் வாங்க வந்தால், எந்தப் பிணையும் கேட்காமல் எவ்வளவு கடன் தருவீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். அவர் தொகையைச் சொன்ன பிறகு, அந்தப் பெண்ணிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுங்கள்.