அழற்சி அளவு மீறும்போது

கடுமையான கிருமித்தொற்றோடு ஐசியூவில் படுத்திருப்பவரின் உயிருக்கு உலை வைப்பது கிருமி மட்டும் அல்ல. அதை விரட்டக் கிளம்பிய அவருடைய எதிர்ப்புச் சக்தியும்தான். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, சிறுநீரகம், நுரையீரல், இதயம் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும் இந்த நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஆறாத சர்க்கரைப் புண் என எதிலிருந்தும் இது தொடங்கலாம். 2017-இல் உலகெங்கும் சுமார் 1.1 கோடிப் பேரின் மரணத்தில் இதற்குப் பங்கு இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு.

ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. உடல் அதை எப்படி மோப்பம் பிடிக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த ஒருவகைச் சுண்டெலிதான் விடை தந்தது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவுக்கு எண்டோடாக்சினைச் செலுத்தினாலும் இந்த எலி அசராது. ஆனால் உயிருள்ள சால்மோனெல்லா கிருமி உள்ளே போனால், மற்ற எலிகள் தாங்கும் அளவுகூட இதற்குத் தாங்காது. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு காரணத்தைக் கண்டது: டிஎல்ஆர்-4 என்ற உணர்வி இந்த எலியிடம் பழுதாகியிருந்தது. 2011-இன் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நேயர்கள் இந்த எலியைச் சற்று நினைவில் வைத்திருப்பது நல்லது. பின்னால் வரும் மருந்துகளின் தலையெழுத்து முழுவதும் இதனிடம் இருக்கிறது.

உணர்வி விழித்ததும் வெள்ளணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 முதலான, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. சின்னக் காயத்தில் இவை காயம்பட்ட இடத்தோடு நின்றுவிடும். செப்சிஸில் உடல் முழுவதும் பரவுவதால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடுகிறது. ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. ரத்த அழுத்தம் விழுகிறது. நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கிறது. உறையவைக்கும் பொருள்கள் அதிலேயே தீர்ந்துபோவதால் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிவதும் உண்டு. இந்தக் குளறுபடியை விரல்நுனியிலேயே பார்க்கலாம். ஆள்காட்டி விரலின் நுனியைக் கண்ணாடித் தகட்டால் 10 விநாடி அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 3 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால், ரத்த ஓட்டம் திசுக்களுக்குப் போதவில்லை.

அழற்சிதானே கொல்கிறது, அதை அடக்கினால் போதுமே என்றுதான் 1990-களில் பலரும் நம்பினார்கள். எண்டோடாக்சினைப் பிடிக்கும் மருந்து, டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்து என்று வரிசையாகச் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடி மரணம் குறையவில்லை. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி என்ற மருந்தும் 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சுண்டெலி முன்பே காட்டியது இதைத்தான்: சேதம் செய்யும் எதிர்வினையே காவலும் காக்கிறது. போதாக்குறைக்கு, அழற்சி கொதிக்கும்போதே லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக மடிகின்றன; மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களில் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் குறைந்து அவை செயலிழக்கின்றன. முதல் சில நாள்களைத் தாண்டியவரை அடுத்த வாரங்களில் பூஞ்சையோ, உடலில் உறங்கிக்கிடந்த வைரஸோ தாக்குவது இதனால்தான்.

அழற்சியை அடக்குவது யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதே கேள்வி என்பதை 2020-இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு துல்லியமாகக் காட்டியது. அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன், நாளுக்கு 6 மில்லிகிராம் அளவில், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை.

மற்ற செப்சிஸ் நோயாளிகளுக்கு அடிப்படை சிகிச்சை இன்றும் பழையதுதான். ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக், நரம்பு வழியே திரவம், சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்றுவது, ரத்த அழுத்தத்துக்கு நார்அட்ரினலின். அதன் தேவை நீடித்தால் ஹைட்ரோகார்ட்டிசோன். இப்போது ஐரோப்பாவில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, அழற்சி மிஞ்சியவருக்கு அதை அடக்கும் அனகின்ராவும், எதிர்ப்புச் சக்தி ஓய்ந்தவருக்கு அதைத் தட்டியெழுப்பும் இன்டர்ஃபெரான் காமாவும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.