'திமிர்' என்பது குற்றச்சாட்டு ஆகுமா?

(டோம்பிவிலித் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்குள்ள எம்.ஐ.டி.சி. ஆலைகளில் தொழிலாளிக்குத் தரப்படும் சார்ஜ் ஷீட் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கும். 'இன்சபார்டினேஷன்' என்றோ 'உத்தட்' என்றோ அதில் கண்டால், "நான் திமிராகப் பேசியதாகச் சொல்கிறார்கள்" என்றே நம்மவர் பொருள் கொள்கிறார். உடனே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். உள்விசாரணையில் அக்கடிதமே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிறது.

திமிர், கொழுப்பு, தலைக்கனம், வாய்த்துடுக்கு: தமிழில் இச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலத்தில், கூலியை உயர்த்திக் கேட்டவனுக்கும் இவைதாம் பட்டம். செயலை விட்டுவிட்டு ஆளைச் சுட்டும் சொற்கள் இவை. 'கொழுப்பு' என்பது உழைப்பவன் உண்ட சோற்றையே பழிப்பது!

சட்டத்தின் சொல் வேறு. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி நிலையாணைகளின்படி, மேலதிகாரியின் சட்டபூர்வமான, நியாயமான ஆணையை வேண்டுமென்றே மீறுவதே குற்றம். ஆணையே இல்லையெனில் மீறலும் இல்லை. 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் இரசாயன ஆலைகள் வெடித்துச் சிதறிய ஊர் இது. பாதுகாப்புக் கவசமின்றித் தொட்டிக்குள் இறங்க மறுப்பவர் எந்த நியாயமான ஆணையை மீறினார்?

வசைச்சொல்லின் கதை வேறு. அதற்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 14 ஆண்டு பணி செய்த ஒருவரை அதற்காக நீக்கியது மிகை என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005இல் மகிந்திரா வழக்கில் அதே நீதிமன்றம் பணிநீக்கத்தை உறுதி செய்தது. ஆகவே, பேசிய சொல் எது, எம்மொழியில், யார் முன்னிலையில் என்று குறிப்பிடும்படி முதலில் கேளுங்கள். பம்பாய் இந்தியில் 'தூ' தெருவில் சாதாரணம். காதால் கேட்டு மொழி கற்றவருக்கு 'ஆப்' எளிதில் வாயில் வராது. மேலாளரின் அறிக்கையில் அதுவே அவமதிப்பாகிவிடுகிறது.

இன்று இந்த வரையறைக்கே ஆபத்து வந்துள்ளது. மத்தியச் சட்டப்படி 100 பேர், மகாராஷ்டிரத்தில் 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு நிலையாணைகள் கட்டாயமாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. சிறு ஆலைகளில் இனி எது ஒழுங்கீனம் என்பதை முதலாளியின் அகராதியே முடிவு செய்யும்.

எனவே சார்ஜ் ஷீட் கைக்கு வந்ததும், பதில் எழுதுமுன் அதைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து படிப்போம்.