முதலில் கேளுங்கள், பிறகு உட்காருங்கள்

(மகளிர் கூட்டம் ஒன்றில் ஒரு செவிலியர் பேசியது)

இன்று கொஞ்சம் கூச்சமான விஷயம் பேசப் போகிறேன். சில பெண்களுக்கு மோவாயில் முடி வளரும். மேல் உதட்டில் வளரும். நாலு பேர் கேலி பேசுவார்கள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பாள். இது சாபம் இல்லை. வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

ஆனால் முடி திடீரென்று அதிகமானால் கவனம் வேண்டும். மாதவிலக்கும் தள்ளிப் போனால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். சினைப்பையில் கோளாறு இருக்கலாம்.

முடியை நிரந்தரமாக நீக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் எலக்ட்ராலிசிஸ். நகரத்தில் சில அழகு நிலையங்களில் செய்கிறார்கள். முடி முளைக்கும் துவாரத்தில் மிக மெல்லிய ஊசியை நுழைப்பார்கள். அதில் சிறிது மின்சாரம் விடுவார்கள். முடியின் வேர் அழியும்.

இங்கேதான் ஒரு கேள்வி. அந்த ஊசி இதற்கு முன் யார் முகத்தில் இருந்தது?

ஹெபடைடிஸ் பி என்ற நோய் கல்லீரலைக் கெடுக்கும். அது இரத்தத்தின் வழியாகப் பரவும். காய்ந்த இரத்தத்திலும் அந்தக் கிருமி 7 நாட்களாவது உயிரோடு இருக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டம் இருக்கிறது. அங்கே பாங்கர்மாவ் பகுதியில் 2018-இல் பலருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. மருத்துவம் படிக்காத ஒருவர் குறைந்த காசுக்கு ஊசி போட்டு வந்தார். ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதே காரணம் என்று சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். அது மருந்து ஏற்றும் ஊசி. இது முடி எடுக்கும் ஊசி. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு ஆகாது.

ஆகவே, உட்காரும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஒன்று: ஊசி புதிதாக இருக்க வேண்டும். உறையை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை ஊசி போடும் டப்பாவில் போட்டுவிட வேண்டும். டெட்டாலில் நனைத்தேன், வெந்நீரில் கழுவினேன் என்றால் ஏற்காதீர்கள்.

இரண்டு: அவர் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா? புதிய கையுறை போடுகிறாரா? உங்கள் தோலைச் சுத்தம் செய்கிறாரா?

மூன்று: அவர் எங்கே பயிற்சி பெற்றார்? எத்தனை வருடமாகச் செய்கிறார்? உங்களுக்கு என்ன நோய் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்க வேண்டும். கேட்காதவர் கைகாரர் இல்லை.

நான்கு: முதல் நாள் சிறிய இடத்தில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வேர் அழிந்தால் முடி வழுக்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு முடியும் சுள்ளென்று பிடுங்கி வந்தால் வேலை சரியில்லை. சில மணி நேரம் சிவந்திருப்பது இயல்பு. தோல் வெந்தாலோ, சீழ் வைத்தாலோ, பள்ளம் விழுந்தாலோ மறுபடி அங்கே போகாதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஐந்து: "ஒரே நாளில் முடித்துவிடுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். வயலில் களை எடுக்கிறோம். மண்ணுக்குள் கிடக்கும் விதை பிறகு முளைக்கிறது அல்லவா? முடியும் அப்படித்தான். பல மாதம், பல தடவை போக வேண்டியிருக்கும். மொத்தச் செலவை முன்பே கேளுங்கள்.

"இப்படிக் கேட்டால் கோபிப்பார்களே" என்று தயங்காதீர்கள். நல்ல தொழிலாளி கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள். காசு உங்களுடையது. முகமும் உங்களுடையது.

நீங்கள் இப்போது படிக்கக் கற்றவர்கள். ஊசி உறையில் காலாவதித் தேதி எண்களில் இருக்கும். அதைக் கையில் வாங்கிப் படியுங்கள். படித்த பிறகு உட்காருங்கள்.