உவர் நிலமும் பொக்காளி நெல்லும்
(மட்டாஞ்சேரியில் ஆற்றிய உரை)

காயலுக்கு அப்பால் வைப்பின், கடமக்குடி வயல்களில் விளையும் பொக்காளி நெல்லை அறிவீர்கள். பயிர் வேரின் உயிரணுச் சவ்வுக்கு உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தம் உடையது. நேர்மின்னேற்றமுள்ள சோடியம் புகுந்ததும் அவ்வழுத்தம் குன்றுகிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. சவ்விலுள்ள புரோட்டான் பம்புகள் அழுத்தத்தை மீட்கப் பாடுபடுகின்றன. பொருளாதாரம் பயின்றவன் கணக்கில், இது இலவசப் பணியன்று; வளர்ச்சிக்குரிய ஆற்றலே செலவாகிறது. பொக்காளியில் கண்டறியப்பட்ட ‘சால்டால்’ மரபணுப் பகுதி, இளம்பயிரில் சோடியம் மிகாமல் காக்கிறது. செலவை முற்றிலும் ஒழிப்பதில்லை. எனவேதான் உழவர்கள் கோடையில் மண்ணைக் குவித்து மேடாக்கி, பருவமழை உப்பைக் கழுவிய பின்னரே விதைக்கின்றனர். மதகுகளால் உவர்நீரைத் தடுக்கின்றனர். வைட்டிலா நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதைக்கு ஒதுக்கீடு கேட்டால் அதிகாரிகளாகிய நாம் உடனே இசைகிறோம். மதகைப் பழுதுபார்க்கக் கேட்டால்தான் தயங்குகிறோம்.