அப்பாவோட பல்லும் ஒரு பீகிள் நாயும்

இந்த வாரம் கொஞ்சம் வீட்டு விஷயம்.

போன மாசம் தேவனாம்பட்டினம் போயிருந்தப்போ அப்பா ஒரு எக்ஸ்-ரேயை எடுத்துக் காட்டினார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கீழ்த்தாடையில வெச்ச இம்ப்ளான்ட். ஸ்க்ரூவைச் சுத்தி எலும்பு கரைஞ்சு, கிண்ணம் மாதிரி ஒரு கருப்புப் பள்ளம். வலி இல்லை, பல் ஆடவும் இல்லை. ஈறைத் தொட்டா ரத்தம் வருது, அவ்வளவுதான். ஒரு கிளினிக்ல, "ஜெல் வெச்சா எலும்பு திரும்ப வளரும், விலங்குகள்ல நிரூபிச்சிருக்காங்க"ன்னு சொல்லி பெரிய தொகை கேட்டிருக்காங்க. "படிச்சுப் பாத்து சொல்லுடா"ன்னார். நான் எழுதுறது பேங்க் ஆப்புக்கு கோடு. இருந்தாலும் உட்கார்ந்து படிச்சேன்.

இம்ப்ளான்ட் கதையே ஒரு முயல்ல இருந்துதான் ஆரம்பிக்குது. 1952-ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள்ள ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயல் காலில் டைட்டானியம் கருவி ஒண்ணை வெச்சார். ஆய்வு முடிஞ்சு கழட்டப் பார்த்தா, வரலை. எலும்பு அதோட ஒட்டிக்கிச்சு. 1965-ல முதல் மனிதருக்கு வெச்சாங்க.

ஒட்டின எலும்பு பிற்பாடு ஏன் கரையுது? இதுக்குத்தான் பீகிள் நாய்கள். அதோட தாடையில மனுஷ இம்ப்ளான்டையே வைக்கலாம்; எலி வாய்க்குன்னா தனியா குட்டி ஸ்க்ரூ செய்யணும். முதல்ல நாயோட கடைவாய்ப் பக்கத்துப் பற்களைப் பிடுங்குவாங்க. சில மாசம் ஆறினதும் இம்ப்ளான்ட். அது எலும்போட ஒட்டினதும், ஈறுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல ஒரு நூலைச் சுத்திக் கட்டிட்டு, பல் விளக்கறதை நிறுத்திடுவாங்க. நூல்ல அழுக்கும் கிருமியும் சேரும். சில வாரத்துலயே எலும்பு இறங்கிடும்.

எங்க வேலையில ஒரு சர்வரை வேணும்னே விழ வெச்சு, மிச்சம் எல்லாம் தாங்குதான்னு பாப்போம். இது கிட்டத்தட்ட அதுதான். என்ன, சர்வருக்கு வலிக்காது.

1992-ல யான் லிண்டே குழு பீகிள்கள்ல இயற்கைப் பல்லையும் இம்ப்ளான்டையும் ஒரே மாதிரி நூல் கட்டி ஒப்பிட்டாங்க. பல்லைச் சுத்தி வந்த வீக்கத்துக்கும் எலும்புக்கும் நடுவுல ஆரோக்கியமான திசு ஒரு வேலி மாதிரி நின்னுச்சு. இம்ப்ளான்ட்ல அந்த வேலி இல்லை, வீக்கம் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பின்னாடி வந்த ஆய்வுகள்ல, நூலை எடுத்த பிறகும் பல இம்ப்ளான்ட்கள்ல கரைவது நிக்கலை. எனக்கு இதுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. வலி இல்லைன்னு அப்பா சும்மா விட்டா, தானா நிக்கும்னு நம்ப முடியாது.

ஆனா ஜெல் கதை வேற. அந்த நாய் இளசு, ஆரோக்கியமானது. நூல் கட்டி சில வாரத்துல வரவழைச்ச நோய் அது. அப்பாவுக்கு ஆறு வருஷமா மெதுவா வந்தது. கூடவே சர்க்கரை, விடாத பீடி. டெஸ்ட் சர்வர்ல ஓடினது புரொடக்‌ஷன்ல அப்படியே ஓடும்னு சொல்ற ஆளை நான் டீம்லயே சேர்க்க மாட்டேன். நோய் எப்படி நடக்குதுன்னு நாய் காட்டும். மருந்து அப்பாவுக்கு வேலை செய்யுமான்னு தெரிய, மனுஷங்கள்ல வருஷக்கணக்கா பார்த்த ஆய்வு வேணும்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அப்பா கேட்டார்: "அந்த நாய் என்னடா ஆச்சு?"

நம்ம ஊர்ல விலங்கு ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். ஆய்வகத்துல இருந்து விடுபட்ட பீகிள்களை பெங்களூர்ல வீடுகள்ல தத்து எடுத்திருக்காங்க. ஆனா இந்த மாதிரி ஆய்வுல, எலும்பை மெல்லிசா அறுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். அதனால நாயைக் கருணைக்கொலை செய்றதுதான் வழக்கம். அதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசலை. வாசல்ல நாங்க சோறு வைக்கிற தெருநாய் படுத்திருந்தது.

ஜெல்லை இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டோம். அடுத்த வாரம் சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போறேன். முதல்ல ஸ்க்ரூவைச் சுத்தி ஆழமா சுத்தம் பண்ணணும், பள்ளம் எவ்வளவுன்னு அளக்கணும். பல் இடுக்குல விடுற குட்டி பிரஷ் வாங்கிக் கொடுத்துட்டேன். ராத்திரி ராத்திரி பண்றாராம். பீடியைப் பத்திக் கேட்டா மட்டும் போனை அம்மாகிட்ட கொடுத்துடறார்.