மேசைமேல் வாட்டர்லூ



வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் போரை இன்னமும் மேசைமேல் நடத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் சிப்பாய்ப் பொம்மைகள், ஓர் அளவு நாடா, பகடை, விதிப் புத்தகம். தளவாடம் அவ்வளவுதான். ஒரு பொம்மையை இருபது வீரர்களாகக் கணக்கு வைப்பார்கள். காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம்தான் நகரலாம். சேற்று நிலம் என்றால் அதுவும் குறையும். சுட்டது பட்டதா என்று பகடை சொல்லும். அடிபட்ட படை நிற்குமா, ஓடுமா என்பதையும் அதுவே சொல்லும்.

இந்தப் பித்து முற்றினால் எதுவரை போகும் என்பதற்கு வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியைச் சொல்லலாம். வாட்டர்லூவின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணி 1830இல் அவரிடம் வந்தது. போரின் நடுவே சிக்கிச் சின்னாபின்னமான லா ஹே சேந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது? எதிரே யார் இருந்தார்கள்? வயலில் என்ன பயிர் நின்றது? பயிரைக்கூட அவர் விடவில்லை. அரசு பணத்தை நிறுத்தியபோதும் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 70,000க்கும் மேற்பட்ட குட்டிச் சிப்பாய்களோடு 1838இல் மாதிரி லண்டனில் காட்சிக்கு வந்தது. பிரிட்டனோடு சேர்ந்து நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யப் படைக்கு இவ்வளவு இடமா என்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் தரப்பு முகம் சுளித்தது. கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. வென்றவர்களுக்குள் பங்குச் சண்டை!

ஆனால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் மேசையில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. ஆடுகிறவர் பருந்தைப் போல எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறார். நெப்போலியனுக்கு அந்த வசதி இல்லை. பிரஷ்யர்களைத் துரத்தும்படி தளபதி குரூஷியை முந்தின நாளே அனுப்பிவிட்டதால், அவர்கள் திரும்பி வந்து தம் வலப்பக்கத்தில் பாய்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேசையில் அவர் இடத்தில் உட்காருகிறவருக்கோ காலையிலேயே தெரியும். தெரிந்த பிறகு அது வாட்டர்லூவா?

இதற்கு விடை 1824இலேயே பிரஷ்யாவில் கிடைத்துவிட்டது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி அமைத்த போர்ப் பயிற்சி ஆட்டத்தில் நடுவர் ஒருவர் இருப்பார். இரு தரப்பும் கட்டளைகளை அவரிடம் எழுதித் தர வேண்டும். தூதன் குதிரையில் போய்ச் சேரும் நேரம் கழிந்த பிறகே கட்டளை செல்லும். கண்ணுக்கு எட்டாத எதிரியை நடுவர் வரைபடத்தில் வைக்கவே மாட்டார். அந்த ஆட்டத்தைப் பார்த்து வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தவர் தலைமைத் தளபதியகத்தில் இருந்த முஃப்லிங். வாட்டர்லூ நாளில் வெலிங்டனின் பக்கத்திலேயே பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக நின்றவரும் அவர்தான். செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

இன்றும் கெட்டிக்காரக் குழுக்கள் ஊர்ப் பெயரையும் படைப் பெயரையும் மாற்றிவிட்டு, எந்தப் போர் என்று சொல்லாமலே ஆட வைக்கின்றன. என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான மறு உருவாக்கம். சீருடைப் பொத்தானுக்கு மூன்று வண்ணம் தீட்டுவது அழகு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வண்ணம் மட்டும் போரைக் காட்டாது.

உங்கள் வீட்டில் ஆட ஆசையா? பொம்மைக்குச் செலவழிக்க வேண்டாம். சட்டைப் பொத்தான்களே படையாகப் போதும். நடுவராக உட்கார ஒருவரை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் ஆட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.